கால் கழுவும் தொட்டி

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குணம் உண்டு. நாலு பேர் கூடி நிற்கிற இடத்தில் யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று பார்க்கமாட்டேன். எதற்காக முனகுகிறார்கள் என்று காது கொடுப்பேன். ராசிபுரம் சந்தைக்கு அப்பாவோடு வண்டியில் போனால் என் தங்கை வளையல்காரர் பக்கம் ஓடிவிடுவாள். நானோ, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மிளகாய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் வெயிலில் நிற்கிற பெண்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளைக்குப் பால் கொடுக்க அவர்களுக்கு ஒரு மறைவு கிடையாது. மாட்டுவண்டிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து கொடுப்பார்கள். கல்யாணத்துக்கு முன்பே அந்தச் சந்தை மூலையில் மூங்கில் நட்டு, மேலே கீற்றுப் போட்டு, பழஞ்சேலைகளைச் சுற்றிலும் கட்டி, உள்ளே மோர் விற்க ஆரம்பித்தேன். நிழல் சும்மா, மோருக்குத்தான் காசு. "குடியானவன் ஊட்டுப் புள்ள சந்தையில மோரு விக்கறதா?" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். சில சந்தைகள் போன பிறகு தயிர்ப்பானையை அவரே வண்டியில் ஏற்றினார்.

அப்போதே எனக்கு ஒன்று பிடிபட்டுவிட்டது. எந்தக் கஷ்டத்தை ஜனங்கள் தலையெழுத்து என்று சொல்லிப் பொறுத்துக்கொள்கிறார்களோ, அங்கே ஒரு கடைக்கு இடம் காலியாக இருக்கிறது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை.

என்னைக் கட்டிக்கொண்டவர் சேலத்தில் ஒரு பட்டறையில் பிட்டர். ஆயில் எஞ்சினும் தண்ணீர்ப் பம்பும் பழுது பார்ப்பார். பேச்சு குறைவு, வேலை சுத்தம். இந்த மனுஷர் இரும்போடு பேசுவார், என்னோடு பேசமாட்டார் என்று அக்கம்பக்கத்தில் குறை சொல்லித் திரிந்தேன். நான் வாயை மூடினால்தானே அவர் திறப்பது என்பது அவர் கட்சி. தனியாகத் தொழில் தொடங்க வேண்டும் என்று இருவருக்குமே ஆசை. அவர் அரிசி மில் வைக்கலாம் என்பார். இருக்கிற மில்லுக்கே நெல் போதாமல் மூட்டை தேடி அலைகிறார்கள், நாமும் போய் ஏன் அந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பேன். அதோடு அன்றைய பேச்சு முடியும்.

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷங்கள் அவை. ஒரு சாயங்காலம் கடைவீதிக்குப் பக்கத்து மைதானத்தில் சுகாதார இலாகாக்காரர்கள் வெள்ளைத் துணி கட்டி லாந்தர் படம் காட்டினார்கள். நரம்புச் சிலந்தி பற்றிய படம். அந்த வியாதியைப் பற்றி இன்றைக்குப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். காலில் ஒரு கொப்புளம் கிளம்பும். அது உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலை நீட்டும். முழத்துக்கு மேல் நீளம் இருக்கும். வெடுக்கென்று இழுத்தால் உள்ளேயே அறுந்துவிடும். அறுந்தால் கால் வீங்கிச் சீழ் பிடித்து, ஆள் நொண்டியாகிவிடவும் கூடும். அதனால் புழுவின் தலையை ஓர் ஈர்க்குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எடுப்பார்கள். எங்கள் சீமையில் கோடை பிறந்தால் தெருவுக்குத் தெரு இப்படிக் காலில் குச்சியோடு ஆட்கள் படுத்திருப்பார்கள்.

புழு வந்த காலோடு படிக்கிணற்றில் இறங்கினால் அது தண்ணீரில் குஞ்சு விடுகிறது, அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, அடுத்த கோடையில், காலில் வந்து நிற்கிறது என்று படம் காட்டியவர் விளக்கினார். ஆகவே படிக்கிணற்றில் இறங்காதீர்கள் என்று முடித்தார். நல்ல படம் என்று கூட்டம் பாராட்டியது. மறுநாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு அதே கூட்டம் படிக்கிணற்றில் இறங்கியது. வேறு எங்கே போகும்?

எனக்குக் கோபமாக வந்தது. இறங்காதே என்று சொல்ல வருகிறவர், இறங்காமல் தண்ணீர் எடுக்க ஒரு வழியையும் கையோடு கொண்டுவர வேண்டாமா? வீடு திரும்பும்போது இதைத்தான் புலம்பிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் வெகுநேரம் கேட்டுவிட்டு, "ஒரு கைப்பம்பு வெச்சா எறங்க வேண்டியதில்லயே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அவர் நாலு அடி போய்த் திரும்பிப் பார்த்து, "ஏ புள்ள, கால்ல முள்ளா?" என்று கேட்டார்.

எங்கள் தொழில் அன்றைக்கே பிறந்துவிட்டது என்று சொல்லலாம். எந்த ஊரில் தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை. அதற்கும் வழி வந்தது, நான் விரும்பாத விதத்தில்.

என் தங்கையை வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் கொடுத்திருந்தோம். அந்தப் பங்குனியில் அவள் சிலந்தி வந்து படுத்துவிட்டாள் என்று ஆள் வந்து சொன்னார். போன கோடையும் அப்படித்தான், அதற்கு முந்தின கோடையும் அப்படித்தான். நாங்கள் இருவரும் உடனே புறப்பட்டுப் போனோம். வலது குதிகாலுக்கு மேலே குச்சி கட்டியிருந்தது. முழங்காலை நீட்ட முடியாமல் மடக்கி வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். 

அவளுடைய மாமியார்தான் அந்த வீட்டுக்கு எல்லாம். கணவர் போன பிறகு தனி ஆளாக நின்று பண்ணையம் பார்த்து, நிலத்தைக் கட்டிக் காத்தவர். ஏரிக்குக் கீழே இருந்த அவருடைய தோட்டத்துப் படிக்கிணற்றில்தான் அந்தத் தெருவே தண்ணீர் எடுத்தது. சம்பந்தி வீட்டாரான எங்களை அம்மிணி, தம்பி என்பார், மற்ற எவரையும் "சாமி" என்றுதான் கூப்பிடுவார். தபால்காரர் சாமி, பால் பீய்ச்ச வருகிறவர் சாமி, மடியில் ஏறும் ஆட்டுக்குட்டியும் சாமி. என் தங்கையை மட்டும் "ஏ" என்பார். அவளைப் பற்றிப் பேசினால் "இவ".

"வா அம்மிணி" என்று என்னை உட்காரவைத்து, மோர் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து பேச்சை எடுத்தார். "பருத்தி எடுக்கற காலத்துல இவ படுத்துக்கறா. கோடை முச்சூடும் காலை நீட்டிக்கிட்டா ஊட்டுச் சோலிய ஆரு பாக்கறது? இன்னொரு கோடை இவ இப்புடிப் படுத்தான்னா, பொறந்த ஊட்டுக்கே தாட்டி உட்டுப்போட்டு எம் பையனுக்கு வேற எடம் பாத்துருவேன். பொறவு சொல்லலீன்னு சொல்லாத."

அந்தக் காலத்தில் முதல் பெண்டாட்டி இருக்கும்போதே இன்னொருத்தியைக் கட்டிவைக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனால் அம்மா முன்னால் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அன்றும் கையில் இருந்த கயிற்றைத் திரித்துக்கொண்டே நின்றார்.

பேசாமல் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னையக் கூட்டிட்டுப் போயிராதக்கா. அவரு நெம்ப நல்லவரு. நான் இங்கயேதான் இருக்கோணும். இந்தக் காலு மட்டும் நல்லா இருந்துட்டா ஒண்ணுமில்ல" என்றாள். அவளுடைய வாழ்க்கை ஒரு குதிகாலில் வந்து நிற்கிறது என்று எனக்கு அப்போது உறைத்தது.

அன்று பொழுதோடு தோட்டத்து வரப்பில் நின்று பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் எடுக்கப் போன எங்கள் உறவுக்காரப் பெண்களில் பலருக்குக் காலில் துணிக்கட்டு. விந்தி விந்தி நடந்தார்கள். ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்த அக்கட்டத் தெருவிலிருந்து கூலிக்குப் பருத்தி எடுக்க வந்த பெண்களோ, மடி நிறையப் பருத்தியோடு விறுவிறுவென்று வரப்பில் ஏறி வந்தார்கள். ஒருத்தி காலிலும் கட்டு இல்லை. குடிதண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு எடுப்பதாகச் சொன்னார்கள். படிக்கிணற்றில் இறங்க அவர்களுக்கு அனுமதி இல்லை. இறங்கவிடாமல் விரட்டியதால் அவர்கள் தப்பித்தார்கள். அதற்காக விரட்டியவர்களுக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் லாந்தர் படத்தில் சொன்னது அந்த வரப்பில் என் கண்முன்னாலேயே ஏறி நடந்து போயிற்று. படியை விட்டு மேலே வந்தால் போதும், கால் பிழைத்துவிடும்.

மறுநாள் காலையில் மாமியாரிடம் வியாபாரம் பேசினேன். இரக்கம் கேட்கப் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க அத்தை, உங்க கெணத்துல நாங்க ஒரு கைப்பம்பு வெக்கறமுங்க. போன கோடையில வயித்துல போனது இந்தக் கோடையில வந்தே தீரும். இந்தக் கோடையிலிருந்து நல்ல தண்ணி குடிச்சா அடுத்த கோடைக்கு வராதுங்க. அப்பவும் வந்துச்சுன்னா பம்பைக் கழட்டி வண்டியில போட்டுட்டுப் போயிருவோம், நீங்க ஒண்ணும் தர வேண்டாம். வரலீன்னா வெலையக் குடுங்க."

"உந் தங்கச்சிக்கு வந்தா?"

"வந்தா நானே வந்து அவளைக் கூட்டிட்டுப் போறனுங்க. உங்களை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் இருமினார். தனியாக வந்ததும் பிடித்துக்கொண்டார். "அவ வாழ்க்கைய வெச்சுப் பந்தயம் கட்டறயா நீ?" என்று அவர் அப்படிக் கோபப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் வாழ்க்கையைப் பந்தயத்தில் வைத்தது நானில்லை, அது நான் வரும்போதே அங்கே வைத்திருந்தது, நான் ஜெயிக்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் பீடி பற்றவைத்தார்.

பம்பு வண்டியில் வந்து இறங்கியதும் மாமியார் அதைப் பிரித்துக் காட்டச் சொன்னார். உள்ளே இருந்த தோல் வாசரைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனார். "தோல்ல பட்ட தண்ணியக் குடிக்கறதா தம்பி?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். அவர் விழித்தார். எனக்கு அதெல்லாம் விழிக்கத் தெரியாது. மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டித் தண்ணீர் இறைக்கிற சீமை எங்களுடையது. இறைக்கிற சாலிலிருந்து தண்ணீர் வாய்க்காலுக்கு வருவதே தோலால் தைத்த வால் போன்ற குழாய் வழியாகத்தான்.

"ஏனுங்க அத்தை, காட்டுல தாகமெடுத்தா கவலை வாய்க்கால்ல குனிஞ்சு அள்ளிக் குடிக்கறமே, அந்தத் தண்ணி எது வழியா வருதுங்க?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு வாயி எச்சு அம்மிணி" என்றார், வாய் அதிகம் என்ற அர்த்தத்தில். பிறகு சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. படியை மூடக்கூடாது. ஆடிப்பெருக்குக்கு முளைப்பாரி விடுவது அந்தப் படியில்தான். பம்பு இருந்தால் படியில் இறங்க யாருக்கும் வேலை இல்லையே, திறந்து கிடந்தால் கிடக்கட்டும் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

கிணற்று மேட்டில் கல் பாவி, பம்பை நிறுத்தி, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். முதல் தண்ணீர் விழுந்தபோது தெருவே கைதட்டியது. என் வீட்டுக்காரர் பட்டறைக்குத் திரும்பிவிட்டார். நான் தங்கையைப் பார்த்துக்கொள்ளத் தங்கினேன்.

மறுநாள் வெடியக்காலையில் பம்புச் சத்தம் கேட்டு எழுந்து போனேன். பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அதற்கு அடுத்த நிமிஷம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வரிசையில் முன்னால் நின்ற பெண் குடத்தைப் பம்புக்கு அடியில் வைத்தாள். வைத்துவிட்டுப் படியில் இறங்கினாள். கிணற்றுத் தண்ணீரில் முழங்கால்வரை நின்று, கணுக்காலையும் விரல் இடுக்கையும் சுத்தமாகத் தேய்த்துக் கழுவினாள். காலில் புழுக்கட்டு இருந்த பெண்தான். மேலே ஏறி வந்து, பம்பை அடித்துக் குடத்தை நிரப்பிக்கொண்டு போனாள். அடுத்தவள் குடத்தை வைத்தாள், படியில் இறங்கினாள்.

நான் போட்ட கூச்சலில் மாமியார் ஓடி வந்தார்.

"ஏனுங்க அத்தை, எறங்காம இருக்கத்தானுங்க பம்பு! எறங்கிக் காலைக் கழுவிட்டு வந்து அடிச்சா, அந்தக் கழுவுன தண்ணிதானுங்க மேல வருது!"

அவருக்கு என் கூச்சல் கொஞ்சமும் புரியவில்லை. "காலக் கழுவாம ஆராச்சும் குடத்தைத் தூக்குவாங்களா அம்மிணி? கட்டுத்தரையில சாணி மிதிச்ச காலு. அதோட அடுப்படிக்குத் தண்ணி கொண்டுக்கிட்டுப் போறதா?"

"அப்ப பம்புத் தண்ணியிலயே கழுவுங்க!"

அவர் முகம் மாறிவிட்டது. நான் ஏதோ தகாததைச் சொல்லிவிட்டேன் என்பது போல வரிசையில் நின்ற பெண்களும் பார்த்தார்கள். "குடிக்கற தண்ணியக் கால்ல உடுவாங்களா?"

கடுங்கோபத்தில் இருந்த எனக்கு அந்த இடத்தில் சிரிப்பும் வந்தது. அவர்கள் எங்கள் பம்பை மதிக்கவில்லை என்று நினைத்தேன். மதித்ததுதான் வினை. பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டிய பம்பிலிருந்து விழுவது அடுப்படித் தண்ணீர். அதை எப்படிக் காலில் விடுவது? கால் கழுவுகிற இடம் என்றைக்கும் போலக் கீழே படியில் இருக்கிறது. எங்கள் பக்கத்துச் சுத்தமே எங்களுக்கு நோயைக் கொண்டுவந்துகொண்டிருந்தது.

படியை மூடித்தான் ஆக வேண்டும் என்றேன். முடியாது என்றார். வாக்குவாதம் வாசல்வரை வந்துவிட்டது. அப்போது உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு என் தங்கை வந்தாள். மாமியார் முன்னால் அவள் குரல் உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"படிய மூடிருங்க அத்தை. மூடியும் எனக்கு வந்துச்சுன்னா நீங்க ஆரையும் தாட்டி உட வேண்டாம். நானே போயிக்கறேன். படியத் தொறந்து வெச்சுப்போட்டு என்னையக் கொறை சொன்னா அது நாயமில்லீங்க."

மாமியார் அவளைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். சற்று நேரத்தில் மாப்பிள்ளையே கடப்பாரையோடு வந்தார். மேல்படியில் குறுக்கே பலகைக் கல் போட்டு, கிணற்றைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பி, வாயில்லாத அந்த மனுஷர் அன்றைக்குச் செய்த வேலை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. முளைப்பாரி விட ஏரிக்கரை இருக்கிறது என்று தன் அம்மாவுக்குக் கேட்கும்படி சுவரிடம் சொன்னார்.

மூடியது பெரிதில்லை. அதற்கு அடுத்த நாள் பம்படிக்கு ஓர் ஆளும் வரவில்லை. கால் கழுவ இடமில்லாத கிணற்றில் யார் தண்ணீர் எடுப்பது என்று தெருவே பக்கத்துத் தோட்டத்துப் படிக்கிணற்றுக்குக் குடத்தோடு நடந்தது. நான் சேலத்துக்கு ஆள் விட்டேன். என் வீட்டுக்காரர் வந்து நான் சொன்னதைக் கேட்டார். பம்பை அடிக்கும்போது குடத்துக்கு வெளியே சிந்தி ஓடுகிற தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "சிந்துன தண்ணி குடிக்கற தண்ணியா, இல்லயா? கேளு" என்றார். கேட்டேன். தரையில் விழுந்துவிட்டால் அது கழுவுகிற தண்ணீர்தான் என்றார்கள்.

சிந்துகிற தண்ணீர் ஒரு கல் ஓடை வழியாகப் போய் விழும்படி, கிணற்றிலிருந்து தள்ளி ஒரு தொட்டி கட்டினார். உட்கார ஒரு கல், கால் தேய்க்க ஒரு சொரசொரப்பான கல். வாட்டம் கிணற்றுக்கு எதிர்ப்பக்கமாக. கழுவின தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கிணற்றுப் பக்கம் திரும்பாமல் வாழைக்குப் போயிற்று. காரை காய்ந்த அன்றே பெண்கள் வந்தார்கள். படி இறங்கி ஏறுவதை விட உட்கார்ந்து கழுவுவது சுகமாக இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். நாங்கள் விற்றது பம்பு என்று அவர்கள் நினைத்தார்கள். தொட்டி இல்லாமல் அந்தப் பம்பு வெறும் இரும்பு.

மாமியார் மட்டும் மசியவில்லை. "எனக்கு இரும்பு வாடை ஆவாது" என்று, தன் ஒரு வாய்த் தண்ணீருக்குச் சின்னக் குடம் ஒன்றை எடுத்துக்கொண்டு தினமும் பக்கத்துத் தோட்டத்துப் படிக்கிணற்றுக்கே போய் வந்தார். வீட்டில் மற்ற எல்லாரும் பம்புத் தண்ணீர் குடித்தார்கள். வீம்புக்கு நடக்கிற நடை அது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

பின்னாளில் எங்கள் பம்பும் தொட்டியும் வாழப்பாடி வரைக்கும் போயின. யுத்தத்தில் இரும்பு கிடைக்காதபோது ராட்டினமும் கைப்பிடிச் சுவரும் தொட்டியும் மட்டுமாவது கட்டிக் கொடுத்தோம். அக்கட்டத் தெருக்காரர்களும் வந்து கேட்டார்கள். "உங்க ஆளுங்க கெணத்துத் தண்ணி எங்களுக்கு வேண்டாமுங்க. எங்க எடத்துலயே ஒரு கெணறு வெட்டி, பம்பு போட்டுக் குடுங்க" என்றார்கள். அப்படியே செய்தோம். ஆனால் இதெல்லாம் பிறகு வந்தவை. அந்த முதல் வருஷம் எந்த ஊருக்குப் போய்ப் பேசினாலும், "வெண்ணந்தூர்ப் பக்கம் வெச்சீங்களாமே, அடுத்த கோடை போகட்டும், பாக்கலாமுங்க" என்றுதான் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் என் பேச்சை நம்பிப் பட்டறை வேலையை விட்டுவிட்டிருந்தார். எங்கள் தொழிலும் என் தங்கையின் வாழ்க்கையும் ஒரே காலில் நின்றன. நான் வெளியே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன். படியை மூடுவதற்கு முன் அந்தச் சில நாட்கள் அவள் குடித்த தண்ணீர் மட்டும் மனதில் வந்து வந்து போகும். அதை யாரிடமும் சொல்லவில்லை.

மாசி போயிற்று. பங்குனியும் போயிற்று. சித்திரை வெயிலில் ஒரு முற்பகல் வெண்ணந்தூர் வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. வண்டிக்காரர் இறங்கித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்: "உங்க தங்கச்சி ஊட்டுல சிலந்தி வந்துருச்சுங்க. உங்களைக் கையோட கூட்டியாரச் சொன்னாங்க."

யாருக்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதுதான் என் வாழ்க்கையில் நான் பேசாமல் போன ஒரே பிரயாணம். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பம்பைக் கழற்றும் சாமான்களை எடுத்துக்கொள்ளவா என்று கேட்கவில்லை, சும்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவளை எங்கே படுக்கவைப்பது, ஊரில் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றெல்லாம் வழி நெடுக நினைத்துக்கொண்டு போனேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான், எல்லார் மேலும்.

வண்டி நின்றதும் குதித்து, செருப்பைக்கூட எங்கே விட்டேன் என்று தெரியாமல் உள்ளே ஓடினேன்.

கயிற்றுக் கட்டிலில் மாமியார் படுத்திருந்தார். அவருடைய இடது கால் என் தங்கையின் மடியில் இருந்தது. தங்கை தரையில் சம்மணம் போட்டு, இரண்டு முழங்காலும் நன்றாக மடங்கி உட்கார்ந்து, ஈர்க்குச்சியில் புழுவைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கண் கூசும்படி அவ்வளவு சுத்தமாக இருந்தன அவள் பாதங்கள். எங்கும் கட்டு இல்லை.

 மாமியார் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"வெளிய போயிட்டு வந்த காலோட உள்ள வந்துட்டயே அம்மிணி. தொட்டி எதுக்குக் கட்டி வெச்சிருக்குது?" என்றார்.

  தங்கை தலை நிமிராமல் குச்சியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாள். வலியில் மாமியார் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். மற்றக் கையை நீட்டி, என் தங்கையின் தோளைத் தொட்டார்.

"மெதுவா சுத்து, சாமி" என்றார்.

தங்கையின் கை ஒரு கணம் நின்றது. பிறகு முன்னிலும் மெதுவாகச் சுற்றினாள். நான் வெளியே போய்ப் பம்பை அடித்து, சிந்தின தண்ணீர் தொட்டியில் விழ விழ, அந்தக் கல்லில் உட்கார்ந்து கால் கழுவினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அங்கே உட்கார்ந்து நன்றாக அழுதேன். பின்னாலேயே வந்து பம்பின் கைப்பிடியைப் பிடித்து நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர், இன்னும் கொஞ்சம் தண்ணீர் அடித்துவிட்டார்.